படி இறங்கினால் கூப்பிடுவார்கள்

மார்ச் 4

குளியலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இந்த வீட்டில் யாரும் எதையும் எழுதி வைக்கக் கூடாது என்று பாதுகாப்பு அதிகாரி முதல் நாளே சொல்லிவிட்டார். தூதர் வீட்டுக் குப்பைத்தொட்டியைக்கூட யாராவது கிளறுவார்களாம். கிளறட்டும். கணக்கில் நான் வாங்கிய மார்க்கைப் பார்த்தால் எந்த ஒற்றனும் பரிதாபப்பட்டு என்னை விட்டுவிடுவான்.

ஆனாலும் பயம்தான். ராத்திரியில் இவ்வளவு நேரம் உள்ளேயே இருப்பதால் எனக்கு வயிறு சரியில்லை என்று அம்மா முடிவு கட்டிவிட்டாள். மருந்து படுகசப்பு. ரகசியத்துக்கு விலை.

மார்ச் 9

அப்பா இருபது வருடம் குழாய் விற்றவர். தண்ணீர்க் குழாய். அதை இந்த நாட்டுக்கும் அனுப்பினார். இங்கே பாதிப் பேர் அப்பாவின் குழாயில்தான் கை கழுவுகிறார்கள். இந்த ஊர் மனிதர்களை இவருக்குத்தான் தெரியும் என்று அரசாங்கம் அவரைத் தூக்கித் தூதராக வைத்துவிட்டது. இப்போது "மேதகு". மேதகு இந்த மாளிகைக்குள் நுழைந்து செய்த முதல் காரியம், எல்லாக் குழாய்களையும் திறந்து மூடிப் பார்த்தது. மேதகுவின் மகள் செய்த முதல் காரியம், தூணுக்குப் பின்னால் ஒளிந்தது.

மார்ச் 15

தொலைபேசி அடித்தால் நாலைந்து மணி அடிக்கவிட்டுத்தான் எடுக்கிறேன். கடல் எல்லை தாண்டி வந்துவிட்ட நம் சரக்குக் கப்பலை இங்கே பிடித்து வைத்திருக்கிறார்கள். மாலுமிகள் பதினோரு பேர். அதில் ஒருவரின் மனைவிக்கு எப்படியோ எங்கள் வீட்டு எண் கிடைத்துவிட்டது. நான் பள்ளி விட்டு வந்ததும் அடிப்பார்.

"பாப்பா, அப்பா இருக்காரா?"

இல்லையென்று சொல்லும்படி தூதரகச் செயலர் உத்தரவு. (அவருக்கு நான் வைத்த பெயர் இஸ்திரிப்பெட்டி. சட்டையில் மட்டுமல்ல, முகத்திலும் சுருக்கம் கிடையாது.) "வெளிய போயிருக்காருக்கா" என்கிறேன். பக்கத்து அறையில் அப்பா இருமுகிறார். நான் உருப்படியான பொய்க்காரிகூட இல்லை.

மார்ச் 21

இன்றும் அதே பொய். இன்றும் அதே இருமல்.

மார்ச் 26

கப்பல் விஷயமாக இந்த நாட்டு அமைச்சரோடு பேசப்போன அப்பா பாதியில் எழுந்து வந்துவிட்டார். செய்தியில் அதுவே ஓடுகிறது. வகுப்பில் பக்கத்து இடத்துக்காரி நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள். நம் ஊர்ப் பத்திரிகைகள் அப்பாவைச் சிங்கம் என்கின்றனவாம்.

சிங்கம் சாப்பாட்டுத் தட்டைத் தொடவே இல்லை.

ஆறு பேரை இப்போதே விடுகிறோம், மீதிப் பேரை விசாரணை முடிந்து என்றாராம் அமைச்சர். எல்லாரையும் விடுங்கள் என்று அப்பா. அமைச்சர் மசியவில்லை. அப்பா எழுந்தார்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! பேரம் படியாவிட்டால் எழுந்துகொள், பையை நிதானமாக எடு, படி இறங்கு. மூன்றாவது படிக்குள் கடைக்காரன் கூப்பிடுவான். சரக்கு வாங்கப் போகும் இடமெல்லாம் அப்பாவுக்கு இதுதான் வேதம்.

"கூப்பிடுவான்னு நெனச்சேன்," என்றார் அம்மாவிடம். "படியில நின்னு கண்ணாடியக்கூடத் தொடச்சேன். ஒருத்தனும் வரல."

"அது என்ன கடையா?" என்றாள் அம்மா.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் நானாகவே போய் அந்தக் கசப்பு மருந்தைக் குடித்தேன். சண்டை மூண்டால்? அந்தப் பதினோரு பேர்?

மார்ச் 27

அந்த அக்கா இன்று அழவில்லை. அதுதான் தாங்கவில்லை.

"இனிமே யாரு போய்ப் பேசுவாங்க பாப்பா?"

பொய் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது. "இருங்கக்கா" என்று சொல்லிவிட்டு, அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து வந்தேன். நானா? நானேதான். அப்பா ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில் "சரிம்மா" என்றார், அவ்வளவுதான்.

அமைச்சரிடம் திரும்பப் போகப்போகிறேன் என்று செயலரிடம் சொன்னார். ஊரிலிருந்து உத்தரவு வராமல் போகக் கூடாது, நாமாகப் போனால் மதிப்புப் போய்விடும் என்று இஸ்திரிப்பெட்டி கொதித்தது.

"எறங்கின படிய ஏறினா வெல போச்சு. எனக்குத் தெரியாதா தம்பி?" என்றார் அப்பா.

மார்ச் 28

பள்ளி விட்டதும் ஓட்டுநர் என்னை நேரே அமைச்சகத்துக்கு அழைத்துப் போனார். வெளி அறையில், மனு கொடுக்க வந்தவர்களோடு மர பெஞ்சில் மேதகு. காலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறார், உள்ளே கூப்பிடவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். தப்பாகத்தான். மூலையில் ஒரு குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது.

"நம்மது இல்ல," என்றார் என் காதில்.

விளக்குப் போடும் நேரத்தில் அமைச்சரே வெளியே வந்தார். அப்பா எழுந்து நின்று, குழாய் விற்றுக் கற்றுக்கொண்ட அவர்கள் மொழியில், அன்று எழுந்து போனது என் தவறு, இன்னும் பேச வேண்டும் என்றார். எல்லார் முன்னாலும். எனக்குத் தரைக்குள் போய்விடலாம் போல இருந்தது. ஆனால் எழுந்து அவர் பக்கத்தில் நின்றேன்.

கதவைத் திறந்து பிடித்தார்கள்.

ஏப்ரல் 14

அமைச்சர் முதலில் சொன்னதேதான் கிடைத்தது. ஆறு பேர் அப்போதே போனார்கள். மீதிப் பேர் நேற்று. பத்திரிகையில் சிங்கம் எலியாகிவிட்டது. உத்தரவில்லாமல் மன்னிப்புக் கேட்டதற்காக அப்பாவைத் திரும்ப வரச் சொல்லிவிட்டார்கள். அம்மா பெட்டி அடுக்குகிறாள்.

தொலைபேசி அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தேன் என்று எழுத ஆசை. மூன்றாவதில்தான் எடுத்தேன்.

"வந்துட்டாரு பாப்பா. தூங்குறாரு. எழுப்ப மனசு வரல."

அப்பா இருக்காரா என்று அந்த அக்கா இன்று கேட்கவே இல்லை.

ஜூன் 20

ஊர் திரும்பிவிட்டோம். இங்கே எழுத எந்தத் தடையும் இல்லை. இருந்தாலும் குளியலறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன், பழக்கதோஷம்.

சாயங்காலம் அப்பாவின் பழைய குழாய்க் கடையில் ஒருவர் ஒரு பித்தளைக் குழாய்க்கு மணிக்கணக்கில் பேரம் பேசினார். படியவில்லை. எழுந்தார், பையை நிதானமாக எடுத்தார், வாசலுக்கு நடந்தார். முன்பெல்லாம் மூன்றாவது படி வரை அப்பா பேப்பரைவிட்டுத் தலையை நிமிர்த்தமாட்டார்.

"அண்ணே, வாங்க. உக்காந்து பேசுவோம்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அந்த மனிதருக்கே அதிர்ச்சி. இன்னும் முதல் படியில்கூடக் கால் வைக்கவில்லை அவர்.