நாலு மணி நேரத் தூரம்

குவைத்
20-5-1990

அன்புள்ள மாமாவுக்கு,

ஞானம் எழுதுவது. நான் சுகம். நீங்களும் நம் பிள்ளை கஸ்தூரியும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? சென்ட்ரலில் ஏறிப் பம்பாய் போய்ச் சேரவே ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆனது. அங்கிருந்து விமானத்தில் குவைத்துக்கு நாலே மணி நேரம். தூரம் தூரம் என்று அப்படி அழுதேனே, வெட்கமாகிவிட்டது.

இந்த வீட்டில் ஐந்து பிள்ளைகள். சின்னது என் இடுப்பை விட்டு இறங்காது. அதைக் குளிப்பாட்டும்போதுதான் மனசு கேட்பதில்லை. உங்களுக்குத் தலை பின்னத் தெரியாது. பக்கத்து வீட்டுத் தாயம்மா அக்காவிடம் கஸ்தூரியை விடுங்கள். கிராப் வெட்டிவிடாதீர்கள்.

அன்புடன்
ஞானம்மாள்

திருமுல்லைவாயில்
17-6-1990

அன்புள்ள ஞானத்துக்கு,

நாலு மணி நேரத்தில் நீ போய்விட்டாய். உன் கடிதம் வர மூன்று வாரம். கிராப் வெட்டியாகிவிட்டது, ஒரே பேன். கோபிக்காதே. எஸ்டேட் கம்பெனியில் எனக்கு ஓவர்டைம் இருக்கும் நாளில் தாயம்மாதான் பார்த்துக்கொள்கிறாள்.

நேற்று ஆவடிப் பக்கம் ஒரு விமானம் தாழப் போனது.

"நைனா, அம்மா இதுலயா வருது?"

"இது பட்டாளத்து பிளேனும்மா."

"அம்மா எவ்ளோ தூரத்துல கீது?"

"நாலு மணி நேரம்."

"அப்போ சோறு துன்னுட்டு கெளம்பினா சாயங்காலம் வந்துடும்ல. ஏன் வரல?"

இரண்டு வருஷ ஒப்பந்தம் என்றால் ஐந்து வயசுக்கு என்ன புரியும்? அவளுக்கென்று தனியாக ஒரு வரி எழுது.

இப்படிக்கு
கோதண்டம்

ஜோர்டான், அம்மான் முகாம்
9-9-1990

அன்புள்ள மாமாவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். ஈராக் பட்டாளம் நுழைந்ததும் வீட்டுக்காரர்கள் என்னை விட்டுவிட்டு சவூதிக்கு ஓடிவிட்டார்கள். லாரியிலும் பஸ்ஸிலுமாகப் பாலைவனத்தைத் தாண்டி இங்கே வந்து சேர்ந்தோம். கூடாரத்தில் கிடக்கிறோம். கூட வந்த ஆந்திராக்காரம்மா வழியிலேயே போய்விட்டாள். மணலில் புதைத்தோம்.

கஸ்தூரியை நினைத்துக்கொண்டுதான் வந்தேன். நம் அரசாங்க விமானம் வருகிறது. பம்பாய்க்கு ஐந்தாறு மணி நேரமாம். என் முறை வர இரண்டு மூன்று வாரம் ஆகும். தாராவியில் இருக்கும் தம்பி லட்சுமணனை ஏர்போர்ட்டில் வந்து விசாரிக்கச் சொல்லுங்கள். இன்று ஏறுகிற ஒருவர் இந்தக் கடிதத்தைப் பம்பாயில் தபாலில் போடுவார்.

சென்ட்ரலுக்குக் கஸ்தூரியை அழைத்து வாருங்கள். இறங்கியதும் அவளைத்தான் நான் பார்க்க வேண்டும்.

ஞானம்

திருமுல்லைவாயில்
19-9-1990

அன்புள்ள ஞானத்துக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்த பிறகுதான் நீ இருக்கிறாய் என்று தெரிந்தது. இதை லட்சுமணனுக்கு அனுப்பியிருக்கிறேன். நீ சாப்பிட்டு, ஒரு தூக்கம் தூங்கி எழுந்த பிறகு கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். படிக்கும்போது அவன் உன் பக்கத்தில் இருப்பான்.

ஆகஸ்ட் கடைசியில் கஸ்தூரிக்குக் காய்ச்சல் வந்தது. மூளைக் காய்ச்சல் என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். உனக்குத் தந்தி கொடுக்கப் போனால், "அந்த ஊருக்கு லைனே இல்லப்பா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

"அம்மா கெளம்பிடுச்சா நைனா?" என்று கேட்டாள்.

"கெளம்பிடுச்சும்மா. வந்துகினே கீது" என்றேன்.

அதற்குப் பிறகு அவள் பேசவில்லை. விடிவதற்குள் நம் பிள்ளை போய்விட்டது, ஞானம்.

நீ எங்கே இருக்கிறாய், இருக்கிறாயா என்றே தெரியாதபோது யாருக்காகப் பிள்ளையை வைத்திருப்பது என்று எல்லோரும் கேட்டார்கள். நானே தூக்கிக்கொண்டு போனேன். குழியில் இறக்கியதும் நான்தான்.

ஸ்டேஷன் கூட்டத்தில் வைத்து இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. இங்கே வர மனசில்லை என்றால் தம்பி வீட்டிலேயே இரு. நான் புறப்பட்டு வருகிறேன். நீ வருவதானால் லட்சுமணன் கூட வருவான். சென்ட்ரலில் நான் மட்டும்தான் நிற்பேன். பக்கத்தில் தேடாதே.

கோதண்டம்