நெற்பூவுக்குப் பின்னால் உன் விரல்

என் செல்லத் தம்பிக்கு,

நல்லா இருக்கியா என்று கேட்டால் சிரிப்பாய். வேறு எப்படித் தொடங்குவது? அதையாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

மார்கழியில் உன் வயலில் நெற்பூவைப் படமெடுத்தோமே, அதை நான் பாடம் நடத்தும் தஞ்சாவூர்க் கல்லூரியில் பெரிதாக மாட்டப் போகிறார்கள். பொங்கலுக்குள் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். அந்தப் படங்களைத் திறக்க இவ்வளவு நாளாக மனசு வரவில்லை.

அன்று காற்று பாடாய்ப் படுத்தியது. நீ சேற்றில் குத்தவைத்து, கதிர்க் காம்பை அசையாமல் பிடித்துக்கொண்டு, "என் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு போட்டோ எடுக்கல" என்று அலுத்துக்கொண்டாய். அட மக்கு, அவ்வளவு கிட்டத்தில் எடுத்தால் ஒரு படத்தில் பூவின் நுனி மட்டும்தான் தெளிவாக விழும். அடுத்ததில் கொஞ்சம் உள்ளே, அதற்கடுத்ததில் இன்னும் உள்ளே. எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் அடுக்கினால் தெளிவான இடங்களை மட்டும் எடுத்து ஒரே படமாக்கித் தரும்.

நேற்று உன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துதான் அடுக்கினேன். பிரிந்த உமி, தொங்கும் மகரந்தப் பைகள், எல்லாம் அத்தனை தெளிவாக வந்தன. பின்னால் மட்டும் மங்கலாக ஒரு பழுப்புத் திட்டு, உன் கட்டைவிரல். ஃபோகஸ் பூவைத் தாண்டி விரலில் விழுந்த கடைசிப் படத்தை நான் சேர்க்கவில்லை. பூவைத் தவிர வேறெதுவும் படத்தில் தெரியக்கூடாது என்று கல்லூரியில் சொல்லியிருந்தார்கள். திட்டை அழிக்கப் போனபோது காபியோடு வந்த கலை அப்படியே நின்றுவிட்டாள்.

உன் பெண்டாட்டியை உனக்குத் தெரியாதா? நீ போனதிலிருந்து உன்னைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, அழவுமில்லை. அறுவடையைத் தனியாக நின்று முடித்தாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

"அது அவங்க கைதானே அண்ணி? இன்னும் தெளிவா வராதா?"

ஒதுக்கிய படத்தையும் சேர்த்து மறுபடி அடுக்கினேன். நகமும், ரேகையும், நக இடுக்குச் சேறும் பளிச்சென்று வந்தன. கலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நகத்த வெட்டுங்க, வெட்டுங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். கேட்டாங்களா பாருங்க" என்றாள்.

பிறகு அழுதாள்டா. என் மடியில் விழுந்து அழுதாள். நானும்தான்.

படம் விரலோடுதான் போகும். விரலை அழிக்கச் சொல்கிறவர்கள் என்னிடம் வந்து பேசட்டும். கலையைத் தனியாக விடமாட்டேன், இது சத்தியம்.

உன்மேல் இன்னும் கோபமாக இருக்கும்
உன் அக்கா