கண்ணகையின் கல்லுக் கடதாசி

2025 பெப்ரவரி 9, ஞாயிறு

இந்தக் கொப்பியில் நாட்குறிப்பு எழுதச் சொன்னது என் பெண்சாதி கண்ணகை. தொண்டையில் வந்த நோய்க்குக் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் துவாரம், அதன்மேல் வெள்ளைத் துணி. இப்போது எழுதித்தான் கதைக்கிறாள். "நீங்களும் எழுதிப் பாருங்க, அப்பதான் என்ட கஸ்ரம் விளங்கும்" என்று எழுதிக் காட்டினாள்.

இரண்டாம் வகுப்போடு நின்றவன் நான். பஸ் போர்டையும் தேர்தல் நோட்டீசையும் பார்த்து எழுத்துக் கூட்டப் பழகியவன். பார்ப்போம்.

இன்று இறால் இல்லை.

பெப்ரவரி 13

கண்ணகைக்கு எந்நேரமும் ஈரக் கை. நான் வாவியில் பிடித்து வருகிற இறாலைக் கழுவுவதும் பெரிசு சிறிசாகத் தெரிந்து பிரிப்பதும் அவள்தான். கொப்பித் தாளை அந்தக் கையால் தொட்டால் கூழாகிவிடும். பாதி வசனத்தில் தாள் கிழியும், அவளுக்குக் கண் கலங்கும்.

இன்று என் தங்கச்சி மகள் கஜானி வந்தாள். மட்டக்களப்பு டவுனில் ஒரு அச்சகத்தில் வேலை. வெளிநாட்டிலிருந்து சாம்பிளுக்கு வந்த கடதாசிக் கட்டு ஒன்றை மாமிக்கென்று கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். வெள்ளை என்றால் அப்படி வெள்ளை. தொட்டால் வழுவழு.

"இது கல்லு மாமா. சுண்ணாம்புக் கல்ல மாவா அரைச்சு, கொஞ்சம் பிளாஸ்டிக் சேத்துச் செய்யிற. மரமே இல்ல."

"கல்ல எப்பிடிப் புள்ள மடிக்கிற?"

அவள் ஒரு தாளை இறால் வாளிக்குள் அமுக்கி எடுத்து, உதறி, கண்ணகையிடம் கொடுத்தாள். பென்சில் பிடித்தது. கண்ணகை சிரித்தாள். சத்தம் இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. ஒப்பரேசனுக்குப் பிறகு இன்றுதான்.

சுண்ணாம்பு என்றதும் எனக்கு வாகரை ஞாபகம் வந்தது. சின்ன வயதில் அங்கே சூளையில், கடலில் எடுத்த முருகைக் கல்லைச் சுண்ணாம்புக்குச் சுட்டிருக்கிறேன். அங்கே ஒரு கறுப்பு நாய் இருந்தது. சுண்ணாம்பில் படுத்துப் படுத்து வெள்ளையாகிவிட்டது. ஒருநாள் மழை பெய்து கழுவினதும், நாயின் சொந்தக்காரனே அடையாளம் தெரியாமல் கல்லெடுத்துக் கலைத்தான். அந்தச் சொந்தக்காரன் மூன்று கல்யாணம் செய்தவன் — இதைக் கஜானிக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போது கண்ணகை தாளை என் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"விசயத்துக்கு வாங்க."

கலியாணம் முடித்த நாளிலிருந்து வாயால் சொன்னதை இப்போது கல்லில் எழுதுகிறாள். கஜானி விழுந்து விழுந்து சிரித்தாள்.

பெப்ரவரி 27

இந்தக் கடதாசி இங்கே கடைகளில் இல்லையாம். ஆகவே பொழுதுபட்டதும் அழிறப்பரால் நானே எல்லாத் தாளையும் அழித்துவைக்கிறேன். அவளுக்கும் அதுதான் விருப்பம். "நான் உங்கள ஏசினத ஊரு வாசிக்கவா?" என்கிறாள். கோபம் வந்தால் பென்சிலை அமத்தி அமத்தி எழுதுவாள். அதுதான் அவள் சத்தம் போடுவது.

மார்ச் 16

இன்று முழுக்கக் கண்ணகை பென்சிலைத் தொடவில்லை. ஏன்?

ஏப்ரல் 2

கிளினிக். நோய் நெஞ்சுக்குள் இறங்கிவிட்டதாம். டொக்டர் என்னைப் பார்த்துச் சொன்னார், அவளைப் பார்க்கவில்லை. பஸ்ஸில் ஏறியதும் தாளை எடுத்தாள். ஏதோ பெரிதாக எழுதப்போகிறாள் என்று நினைத்தேன்.

"புட்டுக்குத் தேங்காய் இல்ல. சந்தியில இறங்கி வாங்குங்க."

மே 14

கண்ணகை போயிட்டாள்.

மே 17

நேற்று முன்தினம் அடக்கம். ஆட்கள் போகிறார்கள், வருகிறார்கள். அவளுடைய குரலை நினைத்துப் பார்க்கிறேன், வருகுதில்லை. முகம் வருகிறது, வாய் அசைகிறது, சத்தம் இல்லை.

பதின்மூன்றாம் திகதி பின்னேரம் ஆசுபத்திரி வாட்டில் அவள் கடைசியாக எழுதியது: "வலையக் காயப் போட்டீங்களா?" போடவில்லை. ஈரத்தோடு சுருட்டி வைத்துவிட்டு ஆசுபத்திரிக்கு ஓடிவந்தவன் நான். அதைச் சொல்லாமல், ஓட்டோக்காரன் வழிமாறிப் போன கதையைச் சொல்லத் தொடங்கினேன். கேட்டபடியே கண்ணை மூடினாள். பொழுதுபட்டதும் வழமைபோல அழிறப்பரை எடுத்து —

ஏன்டா அழிச்சாய்? ஆர் உன்னக் கேட்ட? ஒரு எழுத்தாவது மிச்சம் வெச்சியா?

மே 21

எட்டாம் நாள். அவள் படுத்த பாய், தலையணை, உடுப்பு எல்லாவற்றையும் வாவிக்கரையில் போட்டுக் கொளுத்தினார்கள். அவளுடைய அக்கா ஆச்சிப்பிள்ளை மதினி கடதாசிக் கட்டையும் தூக்கிப் போட்டா. "வெறுங் கடதாசிதானே."

பாய் எரிந்தது, உடுப்பு எரிந்தது. கட்டு எரியவில்லை. மேல்தாள்கள் சுருண்டு, உருகி ஒன்றோடொன்று ஒட்டின. நாற்றம். மதினி நெஞ்சில் அடித்துக்கொண்டா. "அம்மாளே! என்ட தங்கச்சி போகல்ல! போக மனமில்லாம நிக்கிறாள்!" பெண்டுகள் குழறி அழத் தொடங்கினார்கள்.

"அது கல்லு மதினி, கல்லு எப்பிடி எரியிற?" என்றேன்.

"இந்த நேரத்திலயும் கதை அளக்கிறாரு பாருங்க! கறுப்பு நாய் வெள்ளையான கதைதானே?"

எவரும் நம்பவில்லை. இத்தனை வருசம் கதை சொல்லித் திரிந்ததற்கு இது பலன். கஜானியும் இன்று வரவில்லை. கம்பால் அந்தக் கடதாசிக் கட்டை இழுத்தெடுத்தேன். அடியில் கொஞ்சத் தாள் தப்பியிருந்தது. வாவியில் எறியச் சொன்னார்கள். ஓம், எறியிறன் என்றேன். கூரைக்குள் செருகிவிட்டேன்.

ஜூன் 20

தோணி கரையில். வலை மூலையில் கிடந்து நாறுகிறது. தொட மனம் வரவில்லை.

ஜூலை 6

கொப்பி முடிந்துவிட்டது. இது அவளுடைய தாள். ஓரத்தில் நெருப்புச் சுட்ட அடையாளம் இருக்கிறது. இன்று விடிய அந்த வலையைக் கழுவி எடுத்துக்கொண்டு வாவிக்குப் போய்வந்தேன். கொஞ்சம் இறால். நானே தெரிந்து பிரித்தேன். பாலத்தடியில் ஒருவன் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். அவனைப் பார்த்தால் அந்த நாய்க்காரனின் மூக்கு அப்படியே. மூன்றாம் பெண்சாதியின் பேரனோ என்னவோ, அந்தப் பெண்சாதி —

பென்சில் முனை தாளில் எங்கேயோ வழுக்கி விழுகிறது.

தாளைத் திருப்பி வெயிலுக்குச் சரித்துப் பிடித்தேன். எழுத்து இல்லை, பள்ளம் இருக்கிறது. அழிறப்பர் கரியைத்தான் எடுத்திருக்கிறது, அவள் அமத்தினதை எடுக்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்றாக எத்தனையோ, எதுவும் பிரிபடவில்லை. ஒன்று மட்டும் ஆழமாக, திரும்பத் திரும்ப அமத்தினது. எழுத்துக் கூட்டி வாசித்தேன்.

விசயத்துக்கு வாங்க.

சரி கண்ணகை. வலையக் காயப் போட்டுட்டன்.