என் பெயர் எழுதிய ஸ்லைடு

செவ்வாய், தென்பள்ளம் நிலையம். பதிவு: டாக்டர் சௌந்தரவல்லி, திசு ஆய்வாளர். ஆள்பலம்: இரண்டு.

நாள் 211, 09:10
பொறியாளர் தங்கையாவின் கழுத்துக் கட்டியிலிருந்து திசு எடுத்தாயிற்று. நிணநீர்ப் புற்றா என்று பார்க்க வேண்டும். எங்களிடம் உள்ள மோனோகுளோனல் ஆன்டிபாடி புற்றுச் செல்லை மட்டும் பிடித்துக்கொள்ளும். பிடித்த இடம் பழுப்பாகும். கூடவே ஆரோக்கியமான திசு ஒன்றையும் ஒப்பீட்டுக்கு வைப்போம். அதுவும் பழுப்பானால் ஆன்டிபாடி கெட்டுவிட்டது, சோதனை செல்லாது. ஒப்பீட்டுத் திசு என்னுடையது. புறப்படும் முன் என் கழுத்திலிருந்து எடுத்தது. சுத்தம் என்று நானே பார்த்துக் கையெழுத்துப் போட்டேன்.

நாள் 212, 16:40
இரண்டு ஸ்லைடும் பழுப்பு. சனியன் பிடித்த ஆன்டிபாடி! வழியில் சூடுபட்டுக் கெட்டிருக்கிறது. புற்று மருந்து ஒரே ஒருவருக்குத்தான் இருக்கிறது, ஆளையே சாய்க்கக்கூடியது. நிரூபணம் இல்லாமல் ஏற்ற மாட்டேன். புது ஆன்டிபாடி சரக்குக் கலத்தில் நாள் 260-ல் வரும்.

துளையிடும் தளத்திலிருந்து வானொலியில் தங்கையாவின் குரல்: "என்ன டாக்டரம்மா, ஒங்க கழுத்தும் எங்கழுத்தும் ஒண்ணுபோலயா இருக்கு? எதுக்கும் ஒங்களயும் ஒருக்கா பாத்துக்கிடுங்க."

வாயை மூடிக்கொண்டு வேலையைப் பாருங்கள் என்றேன். சிரித்தார்.

நாள் 239, 07:25
கட்டி மூச்சுக்குழாயை அழுத்துகிறது. புற்று மருந்து இருக்கும் குளிர்பெட்டியை இரண்டு முறை திறந்து மூடினேன். செல்லாத சோதனையை நம்பி ஊசி போடும் வைத்தியர் நான் இல்லை.

நாள் 251, 05:50
தங்கையா போய்விட்டார். கடைசிவரை என்னைத்தான் தேற்றிக்கொண்டிருந்தார்.

நாள் 260, 11:30
புது ஆன்டிபாடி வந்தது. கூடவே பூமியில் யாரோ கொடுத்த ஆரோக்கியமான திசுவும். அது நிறம் மாறவில்லை. தங்கையா பழுப்பு. நானும் பழுப்பு.

பழைய ஆன்டிபாடியைப் பூமித் திசுவில் போட்டுப் பார்த்தேன். நிறம் மாறவில்லை. அது கெடவே இல்லை.

ஐயோ. முதல் நாளே சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நோய் எனக்கும் இருந்திருக்கிறது. என் கையெழுத்தைச் சந்தேகப்பட எனக்குத் தோன்றவே இல்லை. முப்பத்தொன்பது நாள் அந்த மனிதரைக் காக்க வைத்துக் கொன்றுவிட்டேன்.

நாள் 261, 14:05
பூமியிலிருந்து: "மேடம், அந்த மருந்த நீங்க உடனே ஏத்திக்குங்க. நோய் முத்திடுச்சுன்னு தங்கையாவோட மனைவிகிட்ட நாங்க சொல்லிக்கிறோம்."

மருந்துப் பையில் தங்கையாவின் பெயர். தனக்குத்தான் என்ற நம்பிக்கையில் அவரே எழுதி ஒட்டிவைத்தது. அதைக் கிழிக்க எனக்கு மனம் வரவில்லை.

நாள் 262, 08:00
மருந்து இறங்குகிறது. முதல் முறை ஏற்றும்போது நாடி பார்க்கப் பக்கத்தில் ஓர் ஆள் இருந்தே ஆக வேண்டும். இல்லை.

08:20
குளிர்கிறது. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை. இதைக் கண்டெடுப்பவருக்கு: என் ஸ்லைடில் 'ஒப்பீடு' என்றிருந்ததை அடித்து 'நோயாளி' என்று எழுதிவிட்டேன். தங்கையாவின் மனைவி ரூத்திடம் நோய் முற்றிவிட்டது என்று யாரும் சொல்லக் கூடாது. நடந்ததை நான்தான் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இந்த ஊசி. நானே அவரிடம்

08:31
தங்கையா நாடி பாருங்க