திறந்து வைத்தால் சிவக்கும் தண்ணீர் குறித்து

அனுப்புநர்:
ஓய்வுபெற்ற பிளம்பர்
(தெருவில் 'குழாய்த் தாத்தா' என்று கேட்டால் காட்டுவார்கள்),
கதவு எண் 17, மூன்றாவது குறுக்குத் தெரு.

பெறுநர்:
நிர்வாகப் பொறியாளர் அவர்கள்,
குடிநீர் வழங்கல் அலுவலகம்.

பொருள்: ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்துள்ள இரும்பை மறுபரிசோதனை செய்யவும், என் மருமகளைக் குறை கூறும் வாசகத்தை நீக்கவும் கோருதல்.

பார்வை: தங்கள் அலுவலகப் பரிசோதனை அறிக்கை, நாள் 14 மே.

இணைப்பு: தண்ணீர் நிரம்பிய கண்ணாடிப் புட்டி ஒன்று. (மனுவைப் படித்து முடிக்கும்வரை திறக்க வேண்டாம்.)

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் மருமகள் வீட்டின் முன்னறையில் சலவையகம் நடத்துகிறார். இரண்டு தெரு தள்ளியுள்ள மருத்துவமனையின் வெள்ளை மேலங்கிகளும் விரிப்புகளும் ஆறு ஆண்டுகளாக அவரிடம்தான் வருகின்றன. மார்ச் மாதம் தாங்கள் புதிய ஆழ்துளைக் கிணற்று நீரை எங்கள் தெருவுக்குத் திறந்துவிட்டீர்கள். அடுத்த வாரமே வெள்ளைத் துணியில் ஆரஞ்சு நிறப் புள்ளிகள் விழத் தொடங்கின. தங்கள் அறிக்கையை வைத்துக்கொண்டு, இவரிடம் இனித் துணி கொடுப்பதா இல்லையா என்பதை மருத்துவமனை மேலாளர் இம்மாதம் 30-ஆம் தேதி முடிவு செய்யப்போகிறார்.

2. அறிக்கை கூறுவது: "நீரில் இரும்பு இல்லை. கறைக்குக் காரணம் வீட்டுக் குழாயின் துருவும், துணி வெளுப்பவரின் கவனக்குறைவும்." அந்தக் குழாயைப் போட்டவன் நான். அது பிளாஸ்டிக். முப்பத்தெட்டு ஆண்டுத் தொழிலில் பிளாஸ்டிக் துருப்பிடித்து நான் பார்த்ததில்லை. தங்கள் அலுவலகத்தில் எவரேனும் பார்த்திருந்தால் வந்து காட்டட்டும். நாற்காலி போட்டுக் காத்திருக்கிறேன்.

3. கவனக்குறைவு பற்றி ஓர் உண்மையை எழுத வேண்டியுள்ளது. முதல் கறை விழுந்தபோது, "பிளீச்சிங் பவுடர் பத்தல, இன்னும் ரெண்டு கரண்டி போடும்மா" என்று சொன்னது நான். "மாமா, போடப் போட இன்னும்ல சிவக்குது" என்றார் மருமகள். "தண்ணியப் பத்தி எனக்கே பாடம் எடுக்காத" என்று அவர் வாயை அடைத்தேன். அவர் கண்டதுதான் சரி என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

4. குழாயில் பளிங்குபோல் வரும் நீர் வாளியில் ஏன் சிவக்க வேண்டும்? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. நூலகத்தில் வேதியியல் நூலை எடுத்து மூன்று முறை படித்தேன். ஆழத்தில் காற்று படாத நீரில் இரும்பு 'பெரஸ்' என்னும் வடிவில் கரைந்து கிடக்கிறது. அப்போது நிறம் தெரியாது, கண்ணை ஏமாற்றிவிடும். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டதும் 'பெரிக்' வடிவாக மாறுகிறது. அது நீரில் கரைந்திருக்க முடியாமல் பழுப்பு வண்டலாக இறங்கிவிடுகிறது. பிளீச்சிங் பவுடரோ இதே வேலையை நொடியில், துணியின் மேலேயே செய்து முடிக்கிறது.

புத்தகம் சொன்னதை அப்படியே நம்புகிற ஆள் நானில்லை. ஒரே குழாயில் மூன்று புட்டிகள் பிடித்தேன். ஒன்றைக் குமிழிகூட இல்லாமல் நிரப்பி மூடினேன். இரண்டு நாளாகியும் தெளிவாகவே இருந்தது. அடுத்ததைப் பாதி நிரப்பிக் குலுக்கினேன். ஒரு மணி நேரத்தில் மஞ்சள், மாலைக்குள் அடியில் பழுப்புச் சேறு. மூன்றாவதையும் பாதிதான் நிரப்பினேன், ஆனால் எலுமிச்சைச் சாறு பிழிந்துவிட்டேன். அது நிறம் மாறவில்லை. எழுபத்து நான்கு வயதில் சமையலறை ஜன்னலோரம் புட்டிகளையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததில் எனக்கு வெட்கமில்லை.

5. அப்படியானால் தங்கள் பரிசோதனையில் இரும்பு எங்கே போனது? நேரில் வந்து விசாரித்தேன். மாதிரி நீரைத் தங்கள் ஆட்கள் எங்கள் வீட்டில் முக்கால் புட்டிதான் பிடித்தார்கள். என் எலுமிச்சைச் சாற்றைப்போல் இரும்பைக் கரைந்த நிலையிலேயே நிறுத்தி வைக்க, பிடிக்கும்போதே விட வேண்டிய அமிலத்தை விடவில்லை. புட்டி மூன்று நாள் அலமாரியில் இருந்திருக்கிறது. ஆய்வக உதவியாளர் அம்மையார் ஒளிக்காமல் சொன்னார்: "அடியில ஒரே கலங்கலா இருந்துச்சுங்க ஐயா. அதைப் போயி மெஷின்ல விடலாமா? மேல தெளிஞ்சதை மட்டும் அலுங்காம எடுத்தேன்." ஐயா, அவர் அலுங்காமல் விட்டுவைத்த கலங்கல்தான் நாம் தேடும் இரும்பு. சுத்தமாக வேலை செய்தவர் அவர். அவர்மீது நடவடிக்கை கூடாது. அவருக்கு இதைச் சொல்லித்தராதவர் யார் என்று மட்டும் விசாரிக்கவும்.

6. இது புகாரல்ல, சந்தேகம். இரண்டு நாள் நின்ற வாளியின் மேல் எண்ணெய்போல் ஒரு படலம் மின்னுகிறது. எண்ணெய் என்றால் குச்சியால் கலைத்தாலும் மறுபடி கூட வேண்டும். இதுவோ சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே நிற்கிறது. இது என்னவென்று தெரிந்தவர் தங்கள் அலுவலகத்தில் இருந்தால் இரண்டு வரி எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

7. ஆகவே, என் முன்னிலையில் குழாயடியிலேயே அமிலம் விட்டு மாதிரி எடுத்து மறுபரிசோதனை செய்யவும், திருத்திய அறிக்கையை 30-ஆம் தேதிக்குள் மருத்துவமனைக்கு அனுப்பவும், இனி நீரைக் காற்றில் தெளித்து, படியவிட்டு, மணலில் வடித்தபின் வழங்கவும் உத்தரவிடக் கோருகிறேன்.

இப்போது புட்டியைத் திறக்கலாம். ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றி மேசையில் வைத்துவிட்டுத் தங்கள் வேலையைப் பாருங்கள். மாலை வீட்டுக்குக் கிளம்பும்போது ஒருமுறை பாருங்கள். தட்டு வெள்ளையாகவே இருந்தால் இம்மனுவைக் கிழித்துப் போடலாம். சிவந்திருந்தால் என் மருமகளின் பேரிலுள்ள 'கவனக்குறைவு' என்ற சொல்லை அடித்துவிடுங்கள். கோப்பில் அந்த இடம் காலியாக இருக்கக் கூடாதென்றால் என்னை எழுதிக்கொள்ளுங்கள். பிளீச்சிங் பவுடர் போடச் சொன்னவன் நான்தான்.

இடம்: மேற்கண்ட முகவரி
நாள்: 9 ஜூன்

தங்கள் பதில் வரும்வரை மீண்டும் மீண்டும் எழுதவிருக்கும்,
(கையொப்பம்)
ஓய்வுபெற்ற பிளம்பர், கதவு எண் 17