முருகனுக்கு முடிந்த காசு

அன்புள்ள நைனாவுக்கு, பெங்களூரிலிருந்து பிரபாவதி வணங்கி எழுதுவது. முழங்கால் வலி தேவலையா? நான் நன்றாக இருக்கிறேன்.

மணப்பெண் அலங்காரம் செய்து ரொக்கமாக வாங்கும் கூலியை வருமான வரிக்குக் காட்ட ஓர் ஆடிட்டர் அம்மாவிடம் போனேன். ஒவ்வொரு கல்யாணத்திலும் முதல் நோட்டை மஞ்சள் துணியில் முடிந்து வைப்பேனே, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

"அது திருத்தணி முருகன் காசுங்க, தனியா முடிஞ்சு வச்சுகினு வர்றேன்" என்றேன்.

"உன் கைக்கு வந்த பிறகுதானே முருகனுக்குப் போகுது? அதுவும் உன் வருமானம்தான்மா."

"அப்போ முருகனும் கணக்கு காட்டணுமாங்க?"

அவர் சிரித்துவிட்டார். நான் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். பயப்படாதீர்கள், கணக்கைத் திருத்திவிட்டோம். இப்போதெல்லாம் கணக்கில் எழுதிய பிறகே துணியில் முடிகிறேன்.

நீங்கள் கொடுத்த துணி நிறைந்துவிட்டது, இன்னொன்று வேண்டும். தபாலில் அனுப்ப வேண்டாம், நீங்களே எடுத்து வாருங்கள்.

கல்யாண வீட்டு வண்டி வந்துவிட்டது.

உங்கள் பிரபா