காரில் சாப்பிட்ட ஊர்கள்

டிச. 11, வியாழன்
காலை மழை, எட்டுக்கு விட்டது. மேல்மாடி அறை மின்விசிறி துடைத்தாயிற்று. பால் இரண்டு பெட்டி.

மகள் மாலதியும் பிள்ளைகளும் நேற்று பெர்த்திலிருந்து விமானத்தில் வந்து சேர்ந்தார்கள். மருமகனுக்கு விடுப்பு இல்லை. தாரிணிக்கு ஒன்பது, இனியனுக்கு ஐந்து. ஆறு நாள் இருப்பார்கள்.

மாலதி கைப்பேசியில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறாள். சின்ன வயதில் சனிக்கிழமைகளில் அம்மாவோடு போய்ச் சாப்பிட்ட கடைகள். பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் காட்ட வேண்டுமாம். பார்த்து எழுதிக்கொண்டேன்:

1. பிரிக்பீல்ட்ஸ் – வாழை இலைச் சோறு
2. செலாயாங் – சந்தைக்குப் பக்கத்தில் ரொட்டி சானாய் (நம் பரோட்டா மாதிரி)
3. கிள்ளான் – ஆட்டிறைச்சிப் பிரட்டல், இலைச் சோறு

"அப்பா, எல்லாக் கடையும் உங்களுக்குத்தான் தெரியும். நீங்கதானே கொண்டு போவீங்க."

தெரியும் என்று தலையாட்டினேன். தெரிந்தது எது? எந்தச் சந்தில் காரை ஒதுக்கலாம், எந்தக் கடை வாசலில் நின்றால் அபராதச் சம்மன் வரும், எந்த மரத்தடியில் காக்கை எச்சமிடும். உள்ளே ஒரு கடையிலும் நான் உட்கார்ந்ததில்லை. இடம் கிடைக்காது, நிற்கிற வண்டியை அடைத்து டபுள் பார்க் செய்ய வேண்டும். அடைபட்டவர் ஹாரன் அடித்தால் நகர்த்த ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் நான். மனைவி புஷ்பம் பிள்ளையை உள்ளே அழைத்துப் போவாள், எனக்குப் பொட்டலம் வரும். இருபது வருடத்துக்கு மேல்.

இதை மாலதியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எழுபத்து மூன்று வயதில் 'எனக்கும் உங்களோடு உட்கார ஆசை' என்று எப்படித் தொடங்குவது?

டிச. 12, வெள்ளி
வெயில். முட்டி வலி குறைவு. பிரிக்பீல்ட்ஸ்.

போகிற வழியெல்லாம் இடம் கிடைக்க வேண்டுமே என்று நினைப்பு. நான்கு சுற்று. இல்லை.

"நீங்க கார்லயே இருங்க லா பா. நாங்க சாப்பிட்டுட்டு உங்களுக்குக் கட்டிக்கிட்டு வரோம்."

"சரி மா." நினைப்பதற்குள் வாய் சொல்லிவிட்டது.

ஒரு வேனுக்குப் பின்னால் நிறுத்தினேன். கடைக் கண்ணாடி வழியே மூவரும் தெரிந்தார்கள். இனியன் நாற்காலியில் முட்டி போட்டு நின்று இலையில் தண்ணீர் தெளிக்கிறான். மாலதி எதையோ சொல்ல, தாரிணி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். என்ன சொன்னாள் என்று தெரியவில்லை.

வேன்காரர் வந்தார். "அங்கிள், கொஞ்சம் எடுங்க. சாப்பாடு டெலிவரி, ஆறிப்போயிடும்."

சாரி என்று மூன்று முறை சொன்னேன். ஒரு முறை போதும்.

பொட்டலம் வந்தது. ரசம் தனியாக, ரப்பர் வளையம் போட்ட பையில். அப்பளம் நமுத்துப்போயிருந்தது. எப்போதும் அப்படித்தான். காரில் அப்பளம் நொறுங்கிச் சாப்பிட்டதாக நினைவில்லை.

வீடு திரும்பும்போது பின்னாலிருந்து தாரிணி: "தாத்தா ஏன் உள்ள வரல?"

மாலதி: "தாத்தாவுக்குக் கூட்டம் பிடிக்காதும்மா. பாட்டி சொல்லுவாங்க."

அப்படி நான் யாரிடமும் சொன்னதில்லை. நில அளவை இலாகாவில் முப்பத்து மூன்று வருடம், மதியம் கேண்டீனில் இருநூறு பேரோடு தட்டு ஏந்தி நின்றவன். புஷ்பம் உண்மையிலேயே அப்படி நினைத்தாளா, அல்லது பிள்ளைக்குச் சொல்ல ஒரு காரணம் வேண்டியிருந்ததா? அவள் போய் இரண்டு வருடம். கேட்க முடியாது.

டிச. 13, சனி
விடிகாலை ஐந்தரைக்கு, அவர்கள் எழுமுன், செலாயாங் போய்ப் பார்த்து வந்தேன். சந்தையைச் சுற்றி லோரிகள். இடம் இல்லை. கிள்ளானும் அப்படித்தான் இருக்கும், நாளை ஞாயிறு வேறு.

திரும்பும் வழியில் ரயில் தண்டவாளத்துக்குப் பக்கமாக வந்தபோது தோன்றியது. காரே இல்லாமல் போனால்? வீட்டுக்குப் பக்கத்து ஜாலான் டெம்ப்ளர் நிலையத்திலிருந்து கோமுட்டர் ரயில் நேரே கிள்ளான் போகிறது. இத்தனை வருடம் இது தோன்றவில்லையே. தோன்றியும் சொல்லப் பயந்தேனா?

எல்லோருமாகச் செலாயாங் போகவில்லை, பிள்ளைகள் பத்து வரை தூங்கிவிட்டார்கள். ரொட்டி வீட்டுப் பக்கத்தில் வாங்கினேன். மழை நாள் முழுதும்.

இரவுச் சாப்பாட்டில் சொல்ல ஒரு வாக்கியம் தயார் செய்தேன். பிள்ளைகளுக்கு ரயில் பிடிக்கும் என்பது காரணம். நிஜக் காரணம் வேண்டாம்.

"நாளைக்கு ரயிலில் போகலாமா மா? இவங்களுக்கு வேடிக்கையாக இருக்கும்."

"உங்களுக்குக் கஷ்டம்பா. சண்டே கூட்டமா இருக்குமே."

"பரவாயில்லை."

இனியன் மேசையைச் சுற்றி ஓடினான். எனக்குத் தூக்கம் சரியில்லை. தேர்வுக்கு முந்திய நாள் மாதிரி.

டிச. 14, ஞாயிறு
மேகமூட்டம். 10.20 ரயில், ஆறு நிமிடம் தாமதம். இனியன் ஒவ்வொரு நிலையத்துக்கும் பெயர் கேட்டான். பாடாங் ஜாவா என்றதும் காரணமில்லாமல் சிரித்தான்.

கிள்ளானில் இறங்கி நடை. பூக்கடை, சேலைக்கடை, சாம்பிராணி. முட்டி ஒத்துழைத்தது. கடையில் நெரிசல், ஆனால் ஒரு மேசை கிடைத்தது, நாலு நாற்காலி. சுவர்ப் பக்கம் உட்கார்ந்தேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

பரிமாறும் அக்கா வந்தார். மாலதி பிள்ளைகளுக்குக் கை துடைத்துக்கொண்டே சொன்னாள்: "மூணு இலை போடுங்கக்கா. ஒன்னு கட்டிக் குடுத்துருங்க."

அக்கா எங்களை எண்ணினார். "யாருக்குக் கட்டறது?"

"அப்பாவுக்கு."

"அப்பா இங்கதான உக்காந்திருக்காரு. பாதியில ஓடிருவாரா?"

மாலதி அப்போதுதான் என்னைப் பார்த்தாள். "இல்லக்கா, அவருக்குக் கூட்டம்..."

"எனக்கும் இலை போடுங்க" என்றேன். அக்காவுக்குக் கேட்கவில்லை. இன்னொரு முறை சொன்னேன்.

நாலு இலை. சோறு ஆவி பறந்தது. அப்பளம் நொறுங்கியது. இனியன் என் அப்பளத்தில் பாதியைக் கேட்காமலே எடுத்தான்.

சிறிது நேரம் கழித்து மாலதி: "கூட்டம் பிடிக்காதுன்னு அம்மா சொல்லுவாங்களே பா."

"நான் சொன்னதில்லைம்மா."

"அப்பறம் ஏன் இத்தனை வருஷம்?"

"கார் இருந்ததே."

சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டாள். பிறகு இலையைப் பார்த்தபடி சொன்னாள்: "உள்ள போனதும் அம்மா மொதல்ல உங்க பொட்டலத்தத்தான் சொல்லுவாங்க. அது வர்றவரைக்கும் சோத்துல கை வைக்க மாட்டாங்க. சூடா கொண்டு போய்க் குடுத்துட்டு வந்துதான் சாப்பிடுவாங்க. அதுக்குள்ள நான் முடிச்சிட்டு, போலாம் போலாம்னு அழுவேன். அம்மா சாப்பிட்டது எல்லாம் ஆறிப்போனதுதான்."

இது எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது கார் சன்னல் பக்கம் மட்டும். பொட்டலத்தைக் கையில் வைப்பாள். 'சூடா இருக்கு, உடனே சாப்பிடுங்க' என்பாள். 'நீ போ, பிள்ளை தனியா இருக்கு' என்பேன். உடனே போக மாட்டாள், கொஞ்ச நேரம் நிற்பாள். ஏன் நிற்கிறாள் என்று கேட்டதில்லை. ஹாரன் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அக்கா: "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தவா, அங்கிள்?"

ஊற்றச் சொன்னேன். கையில் ஏந்திக் குடித்தேன். முகத்தைத் தாழ்த்தி வைத்துக்கொள்ள அது வசதி.

டிச. 16, செவ்வாய்
விமானம் மாலை 5.40. பெட்டிகள்: பெரியது 2, சிறியது 1, முறுக்கு டின் 1. வெயில்.

விமான நிலையத்தில் இறக்கிவிடும் இடம். காவலர் விசில் ஊதிக்கொண்டே இருந்தார். "நீங்க இறங்காதீங்கப்பா, இங்க நிக்க விடமாட்டாங்க. போய்ச் சேர்ந்ததும் கூப்பிடறேன்." சன்னல் வழியே கன்னத்தைத் தொட்டாள். பிள்ளைகள் டாட்டா.

"சரி மா" என்றேன். கிளம்பினேன். நெடுஞ்சாலைக்கு ஒரு அம்புக்குறி, கார் நிறுத்தத்துக்கு ஒரு அம்புக்குறி. இரண்டாவதில் திருப்பினேன். மேலே மேலே போய் முதலில் கண்ட காலியிடத்தில் விட்டேன். கோடு தாண்டியிருக்கலாம்.

பெட்டி போடும் வரிசையில் இருந்தார்கள். தாரிணிதான் பார்த்தாள்.

"தாத்தா, கார் எங்க?"

"நிறுத்திட்டேன்."

மாலதி வரிசையில் எனக்கு இடம் விட்டு நகர்ந்தாள். பெட்டி போட்டபின் நாலு பேரும் காயா ஜாம் தடவிய ரொட்டி சாப்பிட்டோம். இருபத்தைந்து நிமிடம். இனியன் என் தே தாரிக் டீயில் ரொட்டியைத் தோய்த்துவிட்டு, "தாத்தா, அடுத்த தடவையும் உள்ள வருவீங்களா?" என்றான். வருவேன் என்றேன்.

உள்ளே போனார்கள். கண்ணாடித் தடுப்பு வரை போய் நின்றேன்.

காரை விட்டது எந்த மாடி, எந்த எண், எதையும் குறித்துக்கொள்ளவில்லை. இப்படி நான் செய்ததே இல்லை. தேடி மூன்று மாடி ஏறி இறங்கினேன், ஐம்பது நிமிடம். நடுவில் ஒரு தூணருகே நின்று, புஷ்பம் கூட இருந்தால் என்ன சொல்லிச் சிரித்திருப்பாள் என்று யோசித்தேன். அவசரப்படவில்லை. யாரும் ஹாரன் அடிக்கவில்லை.